பொருந்தாத பாகம் சொல்லும் செய்தி

திருமணம் ஒன்றுக்காக நாமக்கல் சென்றிருந்தேன். என்னிடம் பொருளியல் படித்த மாணவர் ஒருவர் அங்கே இரண்டு லாரிகள் வைத்துத் தொழில் செய்கிறார். ஒன்றை அவரே ஓட்டுகிறார். மற்றொன்றுக்கு ஓட்டுநர் இருக்கிறார். 'பட்டறையில் ஒரு வேலை, அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம் சார்' என்று அழைத்துப் போனார். அந்த அரை மணி நேரம் மாலை வரை நீண்டது. வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் விளக்கிவந்த ஒரு கோட்பாட்டை அந்தப் பட்டறை ஒரே பகலில் எனக்குத் திருப்பி விளக்கியது.

லாரியின் குறை பெரிதாகத் தெரியவில்லை. முன் டயர் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. வேகம் கூடினால் ஸ்டியரிங் ஆடியது. மெக்கானிக் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து அசைத்துப் பார்த்தார். ஆட்டம் இருந்தது. பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி அசைத்தார். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் சக்கர பேரிங்கில் குறை. நிற்காவிட்டால் கிங்பின்னில் குறை. ஆட்டம் நிற்கவில்லை.

கிங்பின் என்பது முன் அச்சின் இரு முனைகளிலும் நிற்கும் கையளவு எஃகு முளை. கதவுக்குக் கீல் முளை எப்படியோ, லாரியின் முன் சக்கரத்துக்குக் கிங்பின் அப்படி. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் இதைச் சுற்றித்தான் திரும்புகிறது. சரக்கேற்றிய லாரியின் முன்பக்க எடையைத் தாங்கிக்கொண்டும், குழியில் இறங்கும் ஒவ்வொரு அடியையும் வாங்கிக்கொண்டும் அது வேலை செய்கிறது.

மாணவர் முதல் நாளே புதிய கிங்பின் செட் வாங்கி வைத்திருந்தார். பெட்டியில் பாக எண் சரியாக இருந்தது. பளபளக்கும் ஒட்டுவில்லையும் இருந்தது. ஆனால், பின் அச்சின் துளைக்குள் இறங்க மறுத்தது. உதவியாளரான இளைஞர், 'அண்ணே, கொஞ்சம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா இறங்கிரும்' என்றார். இன்னொருவர் சம்மட்டியைத் தேடினார். நம் ஊர்ப் பட்டறைகளில் இது அன்றாடக் காட்சி. இறுகினால் தேய்ப்பார்கள், தளர்ந்தால் தகரத்தைச் சுற்றி நுழைப்பார்கள், துளை தள்ளியிருந்தால் புதிதாகத் துளைப்பார்கள். எப்படியும் பொருத்திவிடுவார்கள். அந்தக் கைத்திறனை நாம் எல்லோரும் வியந்திருக்கிறோம்.

மூத்த மெக்கானிக் இருவரையும் தடுத்தார். புதிய பாகம் பொருந்தாவிட்டால் அவர் கேட்கும் கேள்விகள் மூன்று. வாங்கி வந்தது இந்த வண்டிக்கு உரிய பாகம்தானா? உரிய பாகமே என்றால், அது சரியான அளவில் செய்யப்பட்டிருக்கிறதா? அதுவும் சரி என்றால், பாகம் போய் உட்காரும் இடம் மாறிவிட்டதா? அதாவது அச்சு வளைந்திருக்கிறதா, துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா, முன்பு பழுது பார்த்தவர் எதையாவது கடைந்துவிட்டிருக்கிறாரா? இந்த மூன்றுக்கும் விடை தெரியும் வரை சுத்தியலைத் தொடக்கூடாது என்பது அவர் விதி.

அவர் விடை தேடிய முறை எந்த ஆய்வு மாணவருக்கும் பாடமாகத் தகும். முதலில் வண்டியின் சேசிஸ் எண்ணை வைத்துப் பாக எண்ணைச் சரிபார்த்தார். ஒரே மாதிரி லாரியில்கூட ஆண்டுக்கு ஆண்டு அச்சு மாறுவது உண்டு. இங்கே எண் பொருந்தியது. அடுத்து, துளை தேய்ந்துபோன அச்சுகளுக்கென அளவு கூட்டிய பின்களும் விற்கப்படுகின்றன. பெட்டியில் அப்படிக் குறிப்பு எதுவும் இல்லை. பிறகு மைக்ரோமீட்டரை எடுத்துப் பழைய பின்னையும் புதிய பின்னையும் அளந்தார். பழைய பின்னை எங்கே அளந்தார் என்பதுதான் முக்கியம். அதன் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் புஷ்ஷில் உரசித் தேய்ந்தவை. நடுப்பகுதி அச்சுக்குள் அசையாமல் இறுகியிருப்பதால் தேய்வதில்லை; முதலில் இருந்த அளவு அங்கேதான் எஞ்சியிருக்கும். அந்த இடத்தில் புதிய பின் ஒரு மில்லிமீட்டரில் நூறில் எட்டுப் பங்கு பருமனாக இருந்தது. அச்சின் துளையையும் துடைத்து அளந்தார். அது வட்டமாகவும் சரியான அளவிலும் இருந்தது. குறை வண்டியில் இல்லை, பாகத்தில் இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

அப்போது இளைஞர் விடவில்லை. 'அந்த எட்டுப் பங்கைத்தானே தேய்க்கணும்' என்று ஓர் அரத்தைக் கொண்டுவந்தார். மெக்கானிக் மறுக்காமல் அரத்தை வாங்கிப் பின்னின் மேல் ஒரு முறை இழுத்தார். எஃகுத் தூள் உதிர்ந்தது. பழைய பின்னின் மேலும் அதே போல இழுத்தார். அரம் கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கியது. பிறகு அவர் சொன்ன ஒரே வாக்கியம்: 'அரம் பிடிக்குதுன்னா அது கிங்பின்னே இல்லைங்க.'

கிங்பின்னின் மேற்பரப்பை வெப்பப்பதனத்தால் கடினமாக்குகிறார்கள். உட்பகுதியை முறியாத உறுதியோடு விடுகிறார்கள். மேற்பரப்பு மென்மையாக இருந்தால் சில மாதங்களில் தேய்ந்து மறுபடியும் ஆட்டம் வரும். அடித்து இறக்கினால் புஷ் இறுகிக் கிரீஸ் ஏறாமல் போகலாம். திருப்பிய சக்கரம் நேருக்குத் திரும்பாமல் இழுக்கலாம். அரத்தால் தேய்த்துப் பொருத்த முடிகிறது என்பதே அதைப் பொருத்தக் கூடாது என்பதற்கான சான்று. இத்தனை ஆண்டுகளாக நாம் வியந்துவந்த அந்தக் கைத்திறன் எதை மறைத்துவந்திருக்கிறது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று பழைய கார் சந்தையைப் பற்றியது. விற்பவருக்குப் பொருளின் தரம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், நல்ல பொருளுக்கு நல்ல விலை தர எவரும் முன்வர மாட்டார்கள். நல்ல பொருள் மெல்லச் சந்தையை விட்டு வெளியேறும், மட்டமானது தங்கும் என்று அவர் காட்டினார். 2001இல் அவருக்கும் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது இத்தகைய ஆய்வுகளுக்காகத்தான். உதிரிபாகச் சந்தை அந்தக் கோட்பாட்டுக்கு வார்த்துவைத்த எடுத்துக்காட்டு. பெட்டியைப் பார்த்து எஃகின் கடினத்தை அறிய வாங்குபவருக்கு வழி இல்லை.

ஆனால், அகெர்லாஃபின் சந்தையில் இல்லாத ஒரு கட்டம் இங்கே இருக்கிறது. வாங்கிய பொருள் வண்டியில் ஏறுவதற்கு முன், பட்டறையில் ஒரு சோதனையைச் சந்திக்கிறது. பொருந்தாமை என்பது அந்தப் பாகம் தன்னைப் பற்றித் தானே தரும் வாக்குமூலம். அளவில் தவறிய தயாரிப்பாளர் வெப்பப்பதனத்திலும் தவறியிருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. அந்தச் செய்தி கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் தயாரித்தவருக்கும் திரும்பிச் செல்லுமானால் சந்தை தன்னைத் திருத்திக்கொள்ளும். உப்புத்தாளும் சுத்தியலும் அந்தச் செய்தியைப் பட்டறையிலேயே அழித்துவிடுகின்றன. தயாரித்தவருக்குத் தம் பொருள் குறையுள்ளது என்று தெரிவதில்லை. அடுத்த ஆயிரம் பின்களும் அதே அளவில் வெளிவருகின்றன.

செய்தி அழிந்தாலும் செலவு அழிவதில்லை. அது இடம் மாறுகிறது. டயர் தேய்மானமாக உரிமையாளரிடம் செல்கிறது. இரவில் மலைப்பாதையில் இறங்கும் ஓட்டுநரிடம் ஆபத்தாகச் செல்கிறது. எதிரே வரும் இருசக்கர வாகனத்தில் இருக்கும் குடும்பத்திடமும் செல்கிறது. இந்தியச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. விபத்து நடந்தவுடன் வழக்கு ஓட்டுநர் மீது பதிவாவதே வழக்கம். பொதுச்சாலையில் அசட்டையாக வாகனம் ஓட்டியதற்கான பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 279; இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 281. அரத்தால் தேய்க்கப்பட்ட பின்னுக்கு எந்த முதல் தகவல் அறிக்கையிலும் இடம் இருப்பதில்லை.

சட்டமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, பாதுகாப்புக்கு இன்றியமையாதது என மத்திய அரசு அறிவிக்கும் பாகங்களைத் தரமின்றி விற்போருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது பாகம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. 1999ஆம் ஆண்டின் வணிகக் குறியீடுகள் சட்டம், போலிக் குறியீடு இட்ட பொருளை விற்பதற்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. ஆனால், இந்தச் சட்டங்கள் எல்லாம் புகாரில் தொடங்குகின்றன. புகாருக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரத்தைத் தேய்த்துப் பொருத்திவிட்ட பிறகு சட்டம் எதைப் பிடித்து நிற்கும்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 2019ஆம் ஆண்டின் சட்டம் வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழிலால் வாழ்க்கை நடத்துபவருக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. என் மாணவர் தாம் ஓட்டும் லாரிக்கு இந்தப் பின்னை வாங்கினால் நுகர்வோர் எனக் கோரலாம். ஓட்டுநர் ஓட்டும் லாரிக்கு வாங்கினால் 'வணிக நோக்கம்' என்ற வாதத்தை எதிர்கொள்ள நேரும். பின் ஒன்றுதான்; அது முறிந்தால் நேரும் ஆபத்தும் ஒன்றுதான்.

அப்படியானால் இவர்கள் ஏன் மலிவான பாகத்தை நாடுகிறார்கள்? அறியாமையால் அல்ல. லாரி நின்றிருக்கும் ஒவ்வொரு நாளும் வாடகை போகிறது; தவணைத் தேதி நிற்பதில்லை. சிறு உரிமையாளருக்குப் பாகத்தின் விலையைவிட நாளின் விலை பெரிது. வரியும் ஒரு காரணமாக இருந்தது. உதிரிபாகங்களில் பெரும்பாலானவற்றுக்கு 28 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்பட்டுவந்தது. பத்தாயிரம் ரூபாய்ப் பாகத்துக்கு 2,800 ரூபாய் வரி. உள்ளீட்டு வரி வரவு இல்லாத ஐந்து விழுக்காட்டு முறையில் சரக்குப் போக்குவரத்து நடத்துபவருக்கு இந்தத் தொகை திரும்பக் கிடைப்பதில்லை, முழுவதும் செலவே. பில் இல்லாமல் வாங்கும் ஆசைக்கு அரசே 2,800 ரூபாய் பரிசு வைத்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் 18 விழுக்காடு என்றாகியிருப்பது வரவேற்கத் தக்கது. ஆசை குறைந்திருக்கிறது, ஒழியவில்லை.

இன்னொரு காரணம், அசல் பாகமும் அதன் அளவு விவரங்களும் எளிதில் கிடைப்பதில்லை என்பது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. சுயேச்சைப் பட்டறைகளுக்கு உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் தாராளமாகக் கிடைக்காமல் செய்தன என்பது குற்றச்சாட்டு. அந்த ஆணை மேல்முறையீடுகளைச் சந்தித்தது. 2022 ஜூலையில் 'பழுது பார்க்கும் உரிமை' குறித்து நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. வாகனத் துறையும் அதன் வரம்புக்குள் வருகிறது. ஆனால், நாமக்கல் மெக்கானிக்குக் கிங்பின்னின் சரியான விட்டம் எந்தத் தளத்திலிருந்தும் கிடைக்கவில்லை. பழைய பின்னின் தேயாத நடுப்பகுதியிலிருந்துதான் கிடைத்தது.

பொருத்தம் என்பது சிறு விஷயம் அல்ல என்பதற்கு வரலாறும் சான்று தருகிறது. 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் தீப்பற்றியது. வாஷிங்டன் முதலிய நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ரயிலேறி உதவிக்கு வந்தன. அவற்றின் குழாய் முனைகள் பால்டிமோரின் தண்ணீர்க் குழாய்களோடு பொருந்தவில்லை. ஒவ்வொரு நகரமும் தனக்கென ஒரு மரை அளவை வைத்திருந்தது. வண்டியும் ஆளும் தண்ணீரும் இருந்தும் 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. பொருந்தாமையை மறைக்க அங்கே வழி இருக்கவில்லை. அதனால்தான் குழாய் முனைகளுக்கு ஒரே தரம் என்ற பேச்சு அந்நாட்டில் வலுப்பெற்றது. நம் பட்டறைகளில் தீ ஒரே இரவில் பற்றுவதில்லை. அதனால் நாம் பாடம் கற்பதும் இல்லை.

செய்ய வேண்டியவை பெரும் பொருட்செலவு பிடிப்பவை அல்ல. முதலாவதாக, கிங்பின், டை ராட் முனை, ஸ்டப் ஆக்சில் போன்ற திசைமாற்று பாகங்கள் ஒவ்வொன்றிலும் தயாரித்தவர் பெயர், பாக எண், தயாரிப்புத் தொகுதி எண் மூன்றும் எஃகிலேயே பொறிக்கப்பட்டிருப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். பெட்டியைப் போலியாக அச்சிடுவது எளிது. குப்பையில் போவதும் பெட்டிதான். அன்று மேசையில் கிடந்த புதிய பின்னில் ஓர் எழுத்துகூட இல்லை. இரண்டாவதாக, இத்தகைய பாகங்களின் விட்டம், ஏற்கத்தக்க வேறுபாடு, கடினம் ஆகியவற்றை வண்டித் தயாரிப்பாளர்கள் கட்டணமின்றி வெளியிட வேண்டும். இது தொழில் ரகசியம் அன்று. மைக்ரோமீட்டர் வைத்திருக்கும் எவரும் அளந்து அறியக்கூடியது.

மூன்றாவதாக, அளவில் பொருந்தாத பாகத்தைப் பட்டறையின் அளவுச் சீட்டோடு குறிப்பிட்ட நாள்களுக்குள் திருப்பித்தரும் உரிமை, வாங்கியவர் வணிகரா நுகர்வோரா என்ற பாகுபாடு இன்றிச் சட்டத்தில் இடம்பெற வேண்டும். நான்காவதாக, நாமக்கல், திருச்செங்கோடு, ஈரோடு வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றின் ஆய்வகங்களில் கடினத்தை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. லாரி உரிமையாளர் சங்கங்கள் அவற்றோடு பேசி, சிறு கட்டணத்தில் பாகங்களைச் சோதித்துத் தர ஏற்பாடு செய்யலாம். மாணவர்களுக்கும் அது பாடப்புத்தகம் தராத பயிற்சி. ஐந்தாவதாக, விபத்துக்குள்ளான வாகனத்தை ஆய்வு செய்யும் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில், முறிந்த பாகத்தின் பொறிப்பு எண்ணுக்கு ஓர் இடம் வேண்டும்.

இவற்றுக்கு ஒரு மறுப்பு வரும் என்று அறிவேன். மலிவுப் பாகங்களை நெருக்கினால் சிறு தயாரிப்பாளர்கள் நசுங்கிப் பெருநிறுவனங்களின் ஏகபோகம் வளரும் என்பார்கள். நியாயமான அச்சம். ஆனால், நான் கேட்பது பெரிய பெயரை அல்ல, சரியான அளவை. அன்று மாலை அந்த லாரியில் ஏறிய இரண்டாவது செட்டும் வண்டித் தயாரிப்பாளருடையது அல்ல. கோவையைச் சேர்ந்த ஒரு சிறு தொழிற்கூடத்தில் செய்யப்பட்டது. பழைய பின்னின் நடு அளவோடு அது பொருந்தியது. அரம் அதன் மேல் வழுக்கியது. அளவும் கடினமும் வெளிப்படையானால் முதலில் பயன்பெறுபவர் நேர்மையான சிறு தயாரிப்பாளர்தான். இன்று அவர் அரத்துக்கு இரையாகும் பின்னோடு விலையில் போட்டியிட்டுத் தோற்கிறார்.

இரண்டாவது செட்டை வாங்கப் போனபோது நானும் உடன் சென்றேன். முதல் செட்டை விற்ற கடைக்காரர் வாதாடவில்லை. 'பில் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டார். இல்லை. வரியை மிச்சப்படுத்த மாணவர் பில் இல்லாமல் வாங்கியிருந்தார். பொருளியல் படித்தவரின் முகம் அப்போது என்னைப் பார்க்கவில்லை. 'சரி, பழக்கத்துக்காகப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்' என்றார் கடைக்காரர். மாணவர் சிறிது நேரம் யோசித்தார். 'திருப்பிக் கொடுத்தால் அது வேறு யார் வண்டியிலாவது ஏறும் சார்' என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினார். முன் சக்கரங்கள் பூட்டப்பட்டு முடிவதற்குள் அந்தப் பின்கள் இரண்டும் ரம்பத்தில் இரண்டிரண்டாக அறுபட்டுப் பழைய இரும்போடு கிடந்தன. இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் நட்டம். அதை அவர் ஒருவரே தாங்கினார். தாங்கியிருக்க வேண்டியவர்கள் வேறு.